நான்காவது கேள்வி

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இந்த வானொலி நிலையத்துக்கு வர ஒரு மணி நேரம் ஜாம். தேர்வு நாளில் சீக்கிரம் கிளம்புங்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளிடம் சொன்னவன், இன்றைக்கு மூச்சிரைக்க ஓடிவந்து உட்கார்ந்திருக்கிறேன். சரி, தேர்வை எப்படி எழுதுவது என்ற விஷயத்துக்கு வருவோம்.

நான் திருத்திய தாள்களில் ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூன்று மணி நேரத் தேர்வு. நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. முதல் கேள்விக்கு அந்தப் பிள்ளை பதினோரு பக்கம் எழுதியிருந்தது. முத்து முத்தான கையெழுத்து. 22 போட்டேன். இரண்டாவதுக்கு 17. மூன்றாவது அரைப் பக்கம், 6. நான்காவதுக்கு '4' என்ற எண் மட்டும். அதற்கடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு! கோடு போட நேரம் இருந்திருக்கிறது, பாருங்கள். மொத்தம் 45. பாடம் தெரியாத பிள்ளையா அது?

ஒரு கேள்வியில் பாதிப் புள்ளி முதல் இருபது நிமிடத்திலேயே வந்துவிடும். அதற்குமேல் ஒவ்வொரு புள்ளியும் இழுபறிதான். 180 நிமிடத்தில் வாசிக்கப் பத்து, கடைசியில் சரிபார்க்கப் பத்து. மீதி 160, கேள்விக்கு 40. நாற்பது ஆனதும் பாதி வாக்கியமானாலும் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திரும்பச் சொல்கிறேன், பாதி வாக்கியமானாலும்! நேரமே இல்லையா, நாலு குறிப்பாவது எழுதுங்கள். வெறும் தாளுக்கு நான் எப்படிப் புள்ளி போடுவது?

அடுத்தது, கேள்வியின் வினைச்சொல். மலாய்க் கேள்வித்தாளில் ஹுராய்கான் என்றால் விவரி. பிஞ்சாங்கான் என்றால் இரு பக்கமும் வைத்து அலசு. பண்டிங்கான் என்றால் ஒப்பிடு. வரலாற்றில், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த ஒப்பந்த முறையையும், தோட்ட மேஸ்திரியே ஊருக்குப் போய் ஆள் சேர்த்த கங்காணி முறையையும் ஒப்பிடச் சொன்னால் நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்! மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் நின்றது, கங்காணி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. ஆண்டெல்லாம் சரிதான். ஆனால் ஒன்றில் தொழிலாளியைக் கட்டிப்போட்டது கையெழுத்திட்ட ஒப்பந்தம். இன்னொன்றில் ஊர்க்காரரான கங்காணியிடம் பட்ட கடன். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தானே ஒப்பீடு? முதலில் இது மூன்று பக்கம், பிறகு அது மூன்று பக்கம் என்றால் அது இரண்டு கட்டுரை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைச் சுழற்றுகிறார். படிக்கும் முறையைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் எப்படிப் படித்தால் நினைவில் நிற்கும் என்று சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். பழைய கேள்வித்தாள், கடிகாரம்... தம்பி, இதோ முடித்துவிட்டேன். முதல்நாள் ராத்திரி தூங்கிவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் நேரமில்லை. வணக்கம்.