குடித்ததும் தின்றதும் கணக்கில் வராதா?

நேயர்களுக்கு வணக்கம். வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், "நேத்து இன்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்பதுதான் பல வருடமாக என் வேலை. உணவு ஆராய்ச்சியில் இதற்கு 24 மணி நேரக் கணக்கெடுப்பு என்று பெயர். நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை வாய்க்குள் போனது எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அணைக்கட்டுப் பக்கத்தில் ஓர் ஆயா. அவரைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

வேர்க்கடலை பிடுங்கும் காலம். திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன்.

"காலையில இன்னா சாப்பிட்டீங்க ஆயா?"

"ஒண்ணும் சாப்புடல கண்ணு."

எழுதிக்கொண்டேன். காலை, ஒன்றுமில்லை. மதியம்? ஒன்றுமில்லை. ராத்திரி மட்டும் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். அறுபது வயதில், நாள் முழுக்க வெயிலில் குனிந்து கடலை பிடுங்கியவர் ஒருவேளைச் சோற்றிலா நின்றார்? மனசு கேட்கவில்லை.

"வெறும் வயித்தோடவா கொல்லிக்குப் போனீங்க?"

"வெறும் வயித்தோட யாராவது போவாங்களா? ஒரு சொம்பு கூழு கரைச்சிக் குடிச்சிட்டுத்தான் போனேன்."

குடித்தாராம்! சாப்பிடவில்லையாம். தப்பு ஆயாவுடையது அல்ல, என் கேள்வியுடையது. நம் பேச்சில் சோற்றைச் சாப்பிடுகிறோம், கூழைக் குடிக்கிறோம், கடலையைத் தின்கிறோம். நான் சாப்பிட்டதை மட்டும் கேட்டேன், அவரும் சாப்பிட்டதை மட்டும் சொன்னார். பிறகு, "கொல்லியில இன்னா தின்னீங்க?" என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "மல்லாட்டை பிடுங்கறவ வாய் சும்மா இருக்குமா?"

அந்தச் சொம்பை வாங்கி அளந்து பார்த்தேன். அதில் கரைத்த கேழ்வரகு மாவு ஏறக்குறைய 80 கிராம். 1918ல் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கி, பிறகு ஐதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணையைப் பாருங்கள். சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் தொகுத்த அந்தப் புத்தகம் எங்களுக்கெல்லாம் கைவிளக்கு மாதிரி. அதில் 100 கிராம் கேழ்வரகுக்கு 344 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய அரிசிக்கு 10தான். அப்படியென்றால் ஆயாவின் ஒரு சொம்புக் கூழில் ஒரு டம்ளர் பசும்பாலில் இருக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு இருந்திருக்கிறது. நான் எழுதியிருந்ததோ "ஒன்றுமில்லை".

கேழ்வரகில் இருக்கிற சத்து அப்படியே உடம்பில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்தால் அது குறைகிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழின் புளிப்புச் சுவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தப் புளிப்பைத்தான் சொல்கிறேன்.

வேர்க்கடலைக்கு வருவோம். காய்ந்த பருப்பு ஒரு கைப்பிடி, 30 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 7 கிராமுக்கு மேல் புரதம், ஒரு முட்டைக்குக் குறையாது. பச்சைக் காயில் தண்ணீர் அதிகம், அதனால் கொஞ்சம் குறையும். ஆனால் ஆயா தின்றது ஒரு கைப்பிடியோடு நிற்கவில்லையே!

அன்றிலிருந்து மூன்று கேள்வி கேட்கிறேன். சாப்பிட்டது என்ன, குடித்தது என்ன, தின்றது என்ன? குடியாத்தத்தில் கேட்டாலும் ஒடுகத்தூரில் கேட்டாலும் இரண்டாவது, மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் நீளமாக வரும். என்னோடு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறேன். படிவத்தில் ஒரு வரி கூடுதலாகப் போகட்டும், ஒரு ஆயாவின் கூழ் விட்டுப்போகக் கூடாது.

நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைப் பெண்களிடம் தனியாகத்தான் கேட்பேன். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில எவ்வளவு இருந்தது?" வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எழுதிவிட்டால், கடைசியாக உட்கார்ந்தவர் தட்டில் என்ன விழுந்தது என்பது தெரியாமலே போய்விடும். குழம்பு இருக்கும், அதிலிருந்த காய் போயிருக்கும். இதைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.

சோகையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் போகட்டும். டீயிலுள்ள துவர்ப்பு இரும்புச்சத்தைச் சேரவிடாது. கீரை சாப்பிடுகிற அன்றைக்கு அரை எலுமிச்சம்பழமோ ஒரு நெல்லிக்காயோ கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். முளைகட்டிய கேழ்வரகைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. நாளைக்கு யாராவது படிவத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், குடித்ததையும் தின்றதையும் சேர்த்தே சொல்லுங்கள். வணக்கம்.