ஏழாம் காட்சியை ஏன் வெட்டினார்கள்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு 'துக்ளக்' நாடகத்தின் ஆறாம் காட்சியின் மிச்சத்தைப் பார்ப்போம் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறைக்கு. தொழுகையின் நடுவே அமீர்கள் என்னும் பிரபுக்கள் குறுவாளை உருவும் அந்த இடம் எங்கேயும் போய்விடாது. இன்று எனக்கு வேறொன்றைப் பேசியே ஆக வேண்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்' மேடையேற்றம் ஒன்றைப் பார்த்தேன். குழுவின் பெயர் வேண்டாம். சுல்தான் முகமது பின் துக்ளக்காக நடித்த இளைஞருக்கு அருமையான குரல். சிற்றன்னையாக வந்த பெண் இன்னும் மேல். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறாம் காட்சி முடிந்தது, விளக்கு அணைந்தது, விளக்கு எரிந்தால் நேராக தௌலதாபாத் கோட்டை! ஏழாம் காட்சியைக் காணோம். இடைவேளையில் ஒருவரிடம் கேட்டேன். "நேரம் போதவில்லை, அது துணைப் பாத்திரங்களின் நகைச்சுவைதானே" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது? தில்லியிலிருந்து தௌலதாபாத் போகும் பாதையில் ஒரு கூடாரம். தலைநகரை மாற்றுகிறேன், தில்லிவாசிகள் அனைவரும் கிளம்புங்கள் என்று சுல்தான் ஆணையிட்டுவிட்டார். அரண்மனையில் கேட்கும்போது அது எவ்வளவு அழகான திட்டம்! தௌலதாபாதில் இந்துக்கள் அதிகம், அங்கே தலைநகரை வைத்தால் இரு மதத்தாருக்கும் நடுவே நெருக்கம் வளரும் என்கிறார். ஏழாம் காட்சியில்தான் அந்தத் திட்டம் மண்ணில் கால் வைக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வருகிறாள். குழந்தைக்கு உடம்பு முடியவில்லை, வைத்தியரிடம் போக அனுமதி கேட்கிறாள். அங்கே அதிகாரியாக உட்கார்ந்திருப்பவன், நாடகம் முழுக்க வேடம் மாற்றி ஏமாற்றும் அஜீஸ். பணம் கொடுத்தால் போகலாம் என்கிறான். அவளிடம் பணம் இல்லை. கூட்டாளி ஆஜமுக்கே மனம் இளகுகிறது. அஜீஸ் அசைவதில்லை.

இப்போது பதினோராம் காட்சிக்கு வாருங்கள். கோட்டைக்கு வெளியே பசியால் வாடும் கூட்டம். கலீபாவின் வம்சத்தவர் கியாசுதீன் வருகிறார் என்று சுல்தான் வரவேற்கக் காத்திருக்கிறார். வந்திறங்குபவன் உண்மையில் அஜீஸ், கியாசுதீனைக் கொன்றுவிட்டு அவருடைய வேடத்தில் வருகிறான். சுல்தான் அவன் காலிலேயே விழுகிறார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் அவனை அடையாளம் கண்டு அலறுகிறாள். அவள் யார்? அதே தாய்! அந்த அலறலிலிருந்துதான் கலவரம் வெடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவள் அலறியபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இந்த அம்மா யாருங்க?" என்று என்னையே கேட்டார். அவரைச் சொல்லி என்ன பயன்? அவளுடைய குழந்தையை நீங்கள் அவருக்குக் காட்டவே இல்லையே!

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். புதிதாக வந்திருப்பவர்களுக்காக: துக்ளக் என்றதும் சோவின் நாடகம் நினைவுக்கு வருவது நம் ஊரில் இயல்பு. அது 1968-இல் மேடையேறிய வேறு நாடகம். நாம் படிப்பது கர்னாட் 1964-இல் கன்னடத்தில் எழுதி, பிறகு தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தது. பதின்மூன்று காட்சிகள். 1327-இல் தில்லியில் தொடங்கி, ஐந்து ஆண்டுகள் கழித்து தௌலதாபாதில் முடிகிறது. நேரு காலக் கனவுகள் கரைந்த கசப்பை அதில் பார்த்தவர்கள் பலர். அந்த வாசிப்பை நான் மறுக்கவில்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிக்காது. நேரு பெயரைச் சொன்னதும் எல்லோரும் சுல்தானை மட்டுமே பார்க்கிறார்கள். அஜீஸ் கண்ணில் படுவதே இல்லை.

கர்னாட் இந்த நாடகத்தைக் கட்டிய விதம் தெரிந்தால் இப்படி வெட்ட யாருக்கும் கை வராது. பழைய கம்பெனி நாடகங்களில் இரண்டு வகைக் காட்சிகள் உண்டு. மேடையின் முழு ஆழத்தையும் பயன்படுத்தும் அரண்மனைக் காட்சி ஒன்று. முன்பக்கம் தெருப் படுதாவை இறக்கி, நான்கு பேர் சிரிக்க வைக்கும் காட்சி இன்னொன்று. பின்னால் அரண்மனையை மாற்றி அடுக்க நேரம் வேண்டுமே, அதற்காக. சாமானியர்களுக்கு அந்த முன்பக்கத் துண்டு இடம்தான். கர்னாடும் அப்படித்தான் ஆரம்பித்தார். எழுத எழுத, தெருக்காட்சிகள் தம் பிடிக்குள் நிற்காமல் வீங்கிக்கொண்டே போயின என்றும், அரண்மனைக் காட்சிகள் வற்றிப்போயின என்றும் அவரே சொல்லியிருக்கிறார். துக்ளக்கின் காலத்தில் உச்சத்துக்குப் போன, தம் காலத்தையும் விழுங்கப் பார்த்த அராஜகத்தின் விளைவு அது என்பது அவருடைய விளக்கம். கடைசியில் என்ன ஆகிறது? முன்பக்கம் நிற்க வேண்டிய கோமாளியான அஜீஸ் நேராக அரண்மனைக்குள் நடந்துவந்து சுல்தானுக்குச் சமமாக நிற்கிறான். பதின்மூன்றாம் காட்சி அதுதான். ஏழாம் காட்சியை எடுத்துவிட்டால் அவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதே இல்லாமல் போகிறது.

இனி என் நாணயங்கள். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். காட்சிகளை விளக்க நான் அட்டையில் செய்த சின்ன மேடையைப் பல வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பத்தாம் காட்சிக்காக நாணயக் குவியல் வேண்டியிருந்தது. பொத்தான்கள் தட்டையாக இல்லை. பிளாஸ்டிக் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, விழும்போது சத்தமே வராது. பாரிமுனையில் ஒரு கடையில் பித்தளை வாஷர்கள் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். அரைக் கிலோ நானூற்று ஐம்பது என்றார். பில் வேண்டாம், கலந்து கிடப்பதையே கொடுங்கள் என்று நின்று பேசி, முந்நூற்று அறுபதுக்கு வாங்கினேன்! வீட்டில் கொட்டிப் பார்த்தால் இரண்டு அளவு. பெரியதைத் தனியாக, சிறியதைத் தனியாகப் பொறுக்கிப் பிரித்து, பெரியவற்றை மட்டும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். கேளுங்கள்... இந்த ஒலிதான் வேண்டும். முந்நூற்று அறுபது ரூபாய்க்கு இந்த ஒலி!

பித்தளையை வேண்டுமென்றேதான் எடுத்தேன். வரலாற்றில் முகமது பின் துக்ளக் வெளியிட்ட அடையாள நாணயங்கள் செம்பிலும் பித்தளையிலும் இருந்தன. வெள்ளி நாணயத்துக்கு இணையான மதிப்பு என்று அறிவித்தார். கள்ள நாணயம் அடிப்பதைத் தடுக்க வழி செய்யவில்லை. இந்துக்களின் வீடுகளெல்லாம் நாணயச் சாலைகளாகிவிட்டன என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரனி எழுதி வைத்திருக்கிறார். அதே பரனி நம் நாடகத்தில் ஒரு பாத்திரம். பத்தாம் காட்சியில் வண்டி வண்டியாகக் கள்ள நாணயங்கள் அரண்மனைக்கு வந்து சேர்கின்றன. சுல்தான் ஆசையாக வளர்த்த ரோஜாத் தோட்டத்தில் கொட்டச் சொல்கிறார், நாள்தோறும் கண்ணில் படட்டும் என்று. இதற்கான விதை எங்கே விழுகிறது? மறுபடியும் ஏழாம் காட்சி! செம்பு நாணயம் வரப்போகிறது, பணம் அங்கேதான் இருக்கிறது என்று அஜீஸ் ஆஜமிடம் சொல்வது அந்தக் கூடாரத்தில்தான்.

முதல் காட்சியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சுல்தான் மீதே யாரும் வழக்குப் போடலாம் என்ற நீதியை முதலில் பயன்படுத்தியவன் யார்? விஷ்ணு பிரசாத் என்ற பிராமணனாக வேடமிட்ட சலவைத் தொழிலாளி அஜீஸ். வழக்கில் வென்று, பணமும் அரசு வேலையும் வாங்கிக்கொள்கிறான். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் ஏழாம் காட்சியில் அந்தத் தாயை நிறுத்தி வைக்கிறான். நீதி, தலைநகர், நாணயம், கலீபாவின் ஆசி என்று சுல்தான் திறக்கும் ஒவ்வொரு வாசலிலும் அவன் முதல் ஆளாக நுழைகிறான். கடைசியில் பிடிபட்டதும், உங்கள் உண்மையான சீடன் நான்தான் என்று சுல்தானிடமே சொல்கிறான். சுல்தான் அவனைக் கொல்வதில்லை. படையில் பதவி கொடுத்து தக்காணத்துக்கு அனுப்புகிறார். சிற்றன்னையைக் கல்லெறிந்து கொல்லச் சொன்ன அதே சுல்தான்! அஜீஸை அரைகுறையாகப் பார்த்தவர்களுக்கு அந்த மன்னிப்பு வெறும் திருப்பமாகத்தான் தெரியும்.

நேரம் குறைவு என்றால் ஐந்தாம் காட்சியில் அமீர்கள் கூடிச் சதி பேசுவதைச் சுருக்கலாம். சதி என்னவென்று ஆறாம் காட்சியிலேயே கண்ணால் பார்க்கப் போகிறோம். அந்தத் தாயின் மேல் கை வைக்க வேண்டாம்.

அடுத்த வீடியோவில் ஆறாம் காட்சியை முடிக்கிறேன், உறுதியாக. அதற்குள் ஏழாம் காட்சியை யாராவது ஒருவரோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து வையுங்கள். அஜீஸின் வரிகளைச் சிரிப்பு மூட்டாமல், சாதாரணமாக வேலை பார்க்கும் அதிகாரியின் குரலில் படியுங்கள்.