தண்ணியும் ஒரு ஸ்பேர் பார்ட் தான்

எல்லாருக்கும் வணக்கம். நான் செங்குன்றத்துல டிராக்டர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி புதுப்பேட்டையில ஒரு ரேடியேட்டர் கடையில 12 வருஷம் ஈயம் பத்த வச்சுக்கிட்டு இருந்தேன். பழைய டிராக்டர் ஏன் சூடாகுதுன்னு பேச கூப்பிட்டாங்க. பொன்னேரி, ஊத்துக்கோட்டை, மதுராந்தகம் பக்கம் வரப்பு மேல ரேடியோவ வச்சு கேக்குறவங்க இருப்பீங்க, அப்பா வாங்குன வண்டிய விக்க மனசு வராம மாதவரத்துலயோ அம்பத்தூர்லயோ ஷெட்ல நிறுத்தி வச்சிருக்கவங்களும் இருப்பீங்க, ரெண்டு பேருக்கும் சேத்து தான் சொல்றேன்.

போன சித்திரையில பொன்னேரியில இருந்து ஒரு அண்ணன் மாஸி 1035 வண்டி ஒண்ண லாரியில ஏத்திக்கிட்டு வந்தாரு. 1980கள்ல அவங்க அப்பா வாங்குனது. நம்ம ஊரு வண்டிங்க அது, அத செய்யுற டாஃபே கம்பெனி 1960ல இதே மெட்ராஸ்ல ஆரம்பிச்சது, இன்ஜினும் நம்ம செம்பியத்து சிம்சன் இன்ஜின் தான், மூணு சிலிண்டர். சொர்ணவாரி போகத்துக்கு கேஜ் வீல், அதான் சேத்துல புதையாம ஓட்டுற இரும்புச் சக்கரம், மாட்டி சேறடிக்க இறக்குனா இருபது நிமிஷத்துல சூடு காட்டுற முள்ளு சிவப்புக்கு போயிடுது, ரேடியேட்டர் மூடிகிட்ட புஸ்ஸுன்னு ஆவி வருது, நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்து தண்ணி ஊத்தி திரும்ப ஓட்டுனா அதே கதை, இதுலயே ரெண்டு போகம் ஓட்டிட்டேன்பான்னு சொன்னாரு. சொல்லும்போது அவரு கண்ணு கலங்கிடுச்சு, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இந்த சூடு எவ்வளவுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். டீசல் எரிஞ்சு வர சக்தியில சுமாரா மூணுல ஒரு பங்கு தான் சக்கரத்துக்கு வேலையா போகுது, ஒரு பங்கு சைலன்சர் வழியா புகையோட போகுது, மிச்சம் ஒரு பங்கு தண்ணிக்குள்ள இறங்குது. 35 ஹெச்பி வேலை செய்யுற வண்டின்னா கிட்டத்தட்ட அதே 35 ஹெச்பி அளவு சூடு தண்ணிக்கு வருது, கணக்கு போட்டா 26 கிலோவாட். வீட்ல இருக்குற 2 கிலோவாட் கீசர் 13 ஒண்ணா ஓடுற மாதிரி. அத்தனையையும் முன்னாடி இருக்குற அந்த பித்தளை கூடு, அதான் ரேடியேட்டர், அது தான் காத்துல கரைச்சு விடணும். அப்ப அந்த கூட்டுல பாதி அடைச்சிருந்தா வண்டி என்ன பண்ணும் சொல்லுங்க.

நான் முதல்ல பண்ணது ரொம்ப சாதாரணம், ஸ்பேனரே எடுக்கல. வண்டிய ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடேத்திட்டு ஆஃப் பண்ணேன், ஃபேன் முழுசா நின்னதுக்கு அப்புறம் ரேடியேட்டருக்கு முன்னால போய் உள்ளங்கைய கூட்டுக்கு கிட்ட வச்சு மேல இருந்து கீழ, இடது பக்கம் இருந்து வலது பக்கம் மெதுவா நகத்திக்கிட்டே வந்தேன். மேல பூரா அனல், நடுவுல வந்ததும் ஒரு முறம் அகலத்துக்கு ஜில்லுன்னு இருக்கு. அங்க இருக்குற ட்யூப்ல தண்ணியே ஓடலன்னு அர்த்தம். இந்த சோதனைய எங்க மேஸ்திரி புதுப்பேட்டையில முதல் மாசமே சொல்லிக் குடுத்தாரு, இன்னைக்கு வரைக்கும் என்னை ஏமாத்துனது இல்ல.

அப்புறம் இன்ஜின் பக்கவாட்டுல தண்ணி வடிக்குற குழா ஒண்ணு இருக்கும், ரேடியேட்டர் அடியில இருக்குறது வேற, இது இன்ஜின் பிளாக்ல. நிறைய பேரு அத திறந்ததே கிடையாது. திறந்தேன், ஒரு சொட்டு வரல. உள்ள அத்தனை லிட்டர் தண்ணி இருக்கு, குழா திறந்திருக்கு, ஒண்ணும் வரல. குழாவையே கழட்டிட்டு ஒரு கம்பிய உள்ள விட்டு குத்துனா கெட்டியா குழம்பு மாதிரி செம்மண் கலர்ல சேறு வழியுது, அதுக்கு பின்னாடி தான் தண்ணி பீச்சுச்சு. விரல்ல எடுத்து தேச்சு பாத்தேன், நறநறன்னு துரு, வெள்ளை வெள்ளையா உப்பு செதிலு, அதோட மஞ்சள் வாசனை. ஆமா, சமையல் மஞ்சள் தான். ரேடியேட்டர் ஒழுகுதுன்னு யாரோ சொல்லி கால் கிலோ மஞ்சத்தூள கொட்டியிருக்காங்க. ராத்திரி ரோட்டுல மாட்டிக்கிட்டு வீடு போய் சேர மஞ்சள் போடுறத நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா வீட்டுக்கு வந்ததும் அத மொத்தமா கழுவி எடுத்துடணும். ஓட்டைய அடைக்குற அதே மஞ்சள் தான் நல்ல ட்யூபையும் போய் அடைக்குது.

அந்த உப்பு எங்க இருந்து வந்துச்சு? தண்ணியில இருந்து தான். இத தான் இன்னைக்கு நான் முக்கியமா சொல்ல வந்தேன். பேரிங் வாங்கும்போது நம்பர் பாத்து வாங்குறோம், ஆயில் ஊத்தும்போது கிரேடு கேக்குறோம், ரேடியேட்டருக்கு மட்டும் கைக்கு கிடைச்ச போர் தண்ணிய ஒரு பக்கெட் ஊத்துறோம். நம்ம கடலோர போர் தண்ணி எப்படின்னு சென்னையில குடியிருக்குற எல்லாருக்கும் தெரியும், கீசர் காயிலு மேல வெள்ளையா தடிச்சு படியுது, பாத்ரூம் குழாவுல படியுது, அதே தான் இன்ஜின் சிலிண்டர சுத்தியும் படியுது. ஆவியா போறது தண்ணி மட்டும் தான், உப்பு உள்ளயே தங்கிடும், நீங்க மேல மேல ஊத்த ஊத்த உப்பு சேந்துக்கிட்டே போகும். ஒரு மில்லிமீட்டர் உப்பு படிஞ்சா சூட்ட தடுக்குறதுல அது ஒரு இஞ்சு இரும்புக்கு சமம்னு வச்சுக்கலாம். முள்ளு சிவப்புக்கு போகாம என்ன பண்ணும்?

அதனால தண்ணியும் ஒரு ஸ்பேர் பார்ட் தான்னு நான் எல்லாருகிட்டயும் சொல்லுவேன். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் நல்லது, இல்லனா மொட்டை மாடியில முதல் மழைய விட்டுட்டு அடுத்த மழையில சுத்தமா பிடிச்ச தண்ணி. 2003ல இருந்து நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆச்சே, ரெண்டு கேன் தனியா எடுத்து வச்சுக்கோங்க, வருஷத்துக்கு போதும். ஆனா சுத்தமான தண்ணி மட்டும் ஊத்தினாலும் இரும்பு துரு பிடிக்கும், மூணுல ஒரு பங்கு கூலண்ட் கலக்கணும். நம்ம ஊர்ல தான் உறையாதே எதுக்கு கூலண்ட்னு கேக்குறாங்க, துரு பிடிக்காம இருக்க தான், கொதிக்குற டிகிரியும் கொஞ்சம் ஏறும். பித்தளை, ஈயம் பத்த வச்ச ரேடியேட்டருக்கு ஆகும்னு டப்பாவுல போட்டிருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க.

சரி வேலைக்கு வரேன். ரேடியேட்டர இறக்கி மேல் டேங்க்க ப்ளோ லேம்ப் வச்சு ஈயத்த உருக்கி எடுத்தோம். மேல இருந்து பாத்தா ட்யூப் வாயெல்லாம் தெரியும், மூணுல ஒண்ணு அடைச்சு போயிருந்துச்சு. ஒவ்வொரு ட்யூபுக்குள்ளயும் தட்டையான கம்பிய விட்டு குத்தி எடுக்கணும், அவசரப்பட்டா ட்யூப் கிழிஞ்சிடும், ஒரு நாள் முழுக்க பையனும் நானும் அதையே தான் பண்ணோம். அப்புறம் நவச்சாரம் போட்டு சுத்தம் பண்ணி திரும்ப ஈயம் பத்த வச்சு, தண்ணித் தொட்டியில முக்கி காத்து குடுத்து குமிழி வருதான்னு பாத்தோம். புது அலுமினியம் ரேடியேட்டர் வாங்கி மாட்டிடலாமேன்னு சொல்லுவாங்க. பழசு செம்பும் பித்தளையும், எத்தனை தடவை வேணும்னாலும் பிரிச்சு சேக்கலாம், காயலான் கடையில எடைக்கு போட்டா வயிறு எரியுது எனக்கு.

இன்ஜின் உள்ள இருக்குற உப்புக்கு சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு ஒரு 50 கிராம் கரைச்சு ஊத்தி, சும்மா ஐடில்ல சூடேத்தி, வடிச்சு, சோடா உப்பு தண்ணி விட்டு, திரும்ப வெறும் தண்ணி விட்டு தெளிவா வர வரைக்கும் அலசுனோம். தயவுசெஞ்சு பாத்ரூம் ஆசிட் ஊத்தாதீங்க, உப்போட சேத்து ஈயத்தையும் இரும்பையும் தின்னுடும்.

அந்த வண்டியில இன்னும் மூணு விஷயம் இருந்துச்சு. வாட்டர் பம்ப் அடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், அதுல தண்ணி சொட்டுதுன்னு எம்சீல் வச்சு அடைச்சிருந்தாங்க. அந்த ஓட்டை கம்பெனியே வச்சது, உள்ள சீல் போச்சுன்னா தண்ணி வெளிய வந்து நமக்கு சொல்லணும்னு வச்சது, அடைச்சா தண்ணி பேரிங்குக்குள்ள போயிடும். போயிருந்துச்சு, பம்ப் தனியா பிரிச்சு பேரிங்கும் சீலும் மாத்துனோம். ரெண்டாவது மூடி. கார் மூடி ஒண்ணு போட்டிருந்தாங்க, 15 பவுண்டு அழுத்தம். இந்த மாதிரி பழைய வண்டிக்கு 7 பவுண்டு மூடி போதும், அதுலயே தண்ணி கொதிக்குறது 100ல இருந்து 111 டிகிரிக்கு மேல தள்ளி போகுது. அதுக்கு மேல அழுத்தம் குடுத்தா பழைய ஈயம் தாங்காம பிளக்கும், ஒழுகலே அதனால தான் வந்திருக்கு, ஒழுகலுக்கு தான் மஞ்சள், பாருங்க ஒண்ணுல இருந்து ஒண்ணு எப்படி போச்சுன்னு.

மூணாவது தெர்மோஸ்டாட், இன்ஜின் தண்ணி சூடாகுற வரைக்கும் அத ரேடியேட்டருக்கு விடாம பிடிச்சு வைக்குற வால்வு, அத கழட்டி எறிஞ்சிருந்தாங்க. இத கேக்கும்போது எனக்கு கோவமே வரும். நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு சொல்றவங்க தான் அதிகம். டீசல் இன்ஜின் குளிரா ஓடுனா டீசல் சரியா எரியாது, எரியாதது சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலக்கும், பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேயும், டீசலும் கூட குடிக்கும். பைபாஸ், அதான் தண்ணி ரேடியேட்டருக்கு போகாம இன்ஜினுக்கே திரும்புற குறுக்கு வழி, இருக்குற இன்ஜின்ல இன்னொரு தொல்லை, தெர்மோஸ்டாட் இல்லனா தண்ணியில ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்திக்கிட்டே இருக்கும், லோடு ஏறும்போது அதுவே சூட்ட ஏத்தும். நல்லா இருக்கான்னு வீட்லயே பாக்கலாம், நூல்ல கட்டி பாத்திரத்து தண்ணிக்குள்ள அடியில படாம தொங்க விட்டு அடுப்புல வைங்க, அது மேல 82ன்னு அடிச்சிருந்தா அந்த சூடு கிட்ட வாய திறக்க ஆரம்பிக்கணும். திறக்கலன்னா மாத்துங்க, எறியாதீங்க.

இன்னொன்னு கேளுங்க. கொதிக்குற வண்டியோட மூடிய திறக்காதீங்க. என் இடது முழங்கைக்கு கீழ இருக்குற தழும்பு 19 வயசுல வந்தது, துணி போட்டு தான் திறந்தேன், துணி ஒண்ணும் தடுக்கல. இன்ஜின ஐடில்ல விட்டு, அப்புறம் நிறுத்தி, மேல் ஹோஸ அமுக்குனா மெத்துன்னு இருக்கணும், அப்ப தான் மூடிய தொடணும். சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தவும் கூடாது, ஹெட்டு விரிசல் விட்டுடும்.

எல்லாம் மாட்டி, ஃபேன் பெல்ட்ட நடுவுல அமுக்குனா முக்கால் இஞ்சு இறங்குற மாதிரி டைட் வச்சு, மழைத்தண்ணியும் கூலண்டும் கலந்து ஊத்தி, மூடி போடாம ஓட விட்டோம். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல இருந்த தண்ணி சட்டுன்னு உள்ள இறங்குச்சு, காத்து புளுக் புளுக்குன்னு வெளிய வந்துச்சு, கொஞ்சம் ஊத்தி மூடிய போட்டோம். அந்த அண்ணன் முன்னாடி வந்து நின்னாரு, இன்ஜின நிறுத்திட்டு நான் அவரு கைய பிடிச்சு கூட்டுகிட்ட வச்சேன், மேல இருந்து கீழ வரைக்கும் நகத்துனாரு, எங்கயும் ஜில்லுன்னு இல்ல. மறுநாள் காலையில சேறடிக்க இறங்கி மத்தியானம் வரைக்கும் நிறுத்தாம ஓட்டுனேன்னு போன் பண்ணாரு, பின்னாடி வண்டி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வணக்கம்.