பேதி போலத் தெரியும் மலச்சிக்கல்

நேயர்களுக்கு வணக்கம். நடமாட்டம் குறைந்து படுக்கையிலேயே இருக்கும் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும், இந்தப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸுகளுக்காகவும் இன்று பேசுகிறேன்.

நாலைந்து நாளாக மலம் போகாத ஒருவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போகத் தொடங்கும். ஒரேயடியாகப் போகாது. டயாபரில் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கசியும். கசிவது பல நேரம் அவருக்கே தெரியாது. வீட்டில் உள்ளவர்கள் பேதி என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் லோபரமைடு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே நடப்பதோ வேறு. மலக்குடலில் மலம் கல்லாக இறுகி அடைத்திருக்கிறது. அதற்கு மேலே தேங்கிய நீர்மலம் இடுக்கு வழியாக வழிகிறது. லோபரமைடு குடலின் அசைவை மந்தமாக்கும் மருந்து. அதைக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

கிருமித் தொற்றால் வரும் பேதியில் அளவு அதிகமாகப் போகும், வயிறு முறுக்கும், காய்ச்சலோ வாந்தியோ சேரலாம். அடைப்பால் வரும் கசிவில் அடிவயிறு உப்பியிருக்கும். இடது பக்கம் கீழே மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் சிலருக்குக் கட்டிகட்டியாகத் தட்டுப்படும். பசி போய்விடும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப் பாதையை அழுத்துவதால் சிறுநீர் பிரியாமல் தங்கலாம். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பிதற்றலும் அமைதியின்மையும் கூடும். இதை மட்டும் பார்த்துவிட்டு மூளைக்கு மருந்து தேடுகிறவர்கள் நிறைய. டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ கையுறை போட்டு விரலால் பரிசோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மலக்குடல் காலியாக இருந்து, அடைப்பு மேலே இருப்பதும் உண்டு. அதற்கு எக்ஸ்ரே தேவைப்படலாம்.

காரணம் தேடும்போது முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எல்லாமே மலத்தைக் கட்டும். 'அடிக்கடி பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகணுமே' என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும் காரணம்தான்.

கை மருந்தாக எல்லாரும் எடுப்பது இசப்கோல். நடமாடுகிறவருக்கு நல்லது. ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடிக்க முடியாமல் படுத்திருப்பவருக்குக் கொடுத்தால் அது குடலில் ஊறிப் பருத்து அடைப்போடு சேர்ந்துகொள்ளும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தை டாக்டர் எழுதியிருந்தால் பலன் தெரிய ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். அன்று ராத்திரியே ஒன்றும் நடக்கவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள். குடலைத் தூண்டி மலம் போக வைக்கும் பிசகோடில் மாத்திரையைப் பாலோடு கொடுக்கக் கூடாது. மேலுறை வயிற்றிலேயே கரைந்து எரிச்சலும் வலியும் வரும். அதே மருந்து ஆசனவாய் வழியாக வைக்கும் சப்போசிட்டரியாகவும் வருகிறது; அதை வைப்பதானால் மலத்துக்குள் சொருகிப் பயனில்லை. மலக்குடலின் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும்.

எனிமா, அதாவது ஆசனவாய் வழியாகத் திரவம் செலுத்தி மலத்தை வெளியேற்றுவது, கொடுக்கும்போது நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலது முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். குடலின் வளைவு அந்தப் பக்கம் இருப்பதால் திரவம் தானாக இறங்கும். நுனியில் ஜெல்லி தடவி, பெரியவர்களுக்கு ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் வரை மெதுவாகச் செலுத்த வேண்டும். தடை தெரிந்தால் அழுத்தக் கூடாது. சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், குடலின் உட்சுவர் புண்ணாகும். பாஸ்பேட் எனிமா சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் முதியவருக்கும் ஆபத்தாகலாம்; டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இறுகிய மலத்தை விரலால் எடுப்பது வீட்டார் செய்கிற வேலையே அல்ல. அப்போது நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம், அதனால் நர்ஸுகள் நாடியைப் பார்த்துக்கொண்டேதான் செய்வார்கள்.

அடைப்பு நீங்கியபின் பழக்கத்துக்குக் கொண்டுவர நல்ல நேரம் காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும். உட்கார முடிந்த நோயாளியைக் கமோட் நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்துக்குக் கீழே ஒரு முக்காலி வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால் மலம் இறங்கும் வழி நேராகும். கசிந்து ஊறிய தோலை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவுங்கள்.

மலத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், அளவு, வடிவம். வடிவத்துக்கு பிரிஸ்டல் அட்டவணை என்று ஏழு வகை உண்டு. ஒன்றும் இரண்டும் மலச்சிக்கல், மூன்றும் நான்கும் சரியான நிலை, அதற்கு மேலே தளர்வு.

வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் மலமிளக்கி மருந்தும் வேண்டாம், எனிமாவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூலம் என்று நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள். மலத்தோடு கலந்து வருவதும், உடல் இளைப்பதும், ஐம்பது வயதுக்கு மேல் மலப்பழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடிப்பதும் பெருங்குடல் புற்றாகவும் இருக்கலாம். தார் போல் கறுத்துப் பிசுபிசுவென்று போனால் மேலே இரைப்பைப் பக்கம் ரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். போகும்போது மாத்திரை அட்டைகளையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.