வடை சுட்ட பாட்டி அப்புறம் என்ன ஆனாள்?

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்த பிரிவினையைக் கண்ணால் பார்த்தவர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிந்து வைப்பது கடமையா, ஆறிய புண்ணைக் கிளறுவதா என்பது தலைப்பு. கடமை என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார், அரங்கமே கைதட்டியது. "பாட்டி சொன்னதெல்லாம் வரலாறு என்றால், பாட்டி வடை சுட்ட கதைக்கும் ஒரு அருங்காட்சியகம் கட்டுங்கள்" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

சரி, அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். பாட்டி வடை சுட்டாள். காக்கா தூக்கிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்தது. நரி பாடச் சொன்னது, வடை விழுந்தது, நரி கவ்விக்கொண்டு போனது. கதை முடிந்தது. அண்ணே, நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், நானும் கேட்டிருக்கிறேன். காக்கா எப்படி ஏமாந்தது, நரிக்கு எவ்வளவு தந்திரம் என்று ஆயிரம் தடவை பேசியிருக்கிறோம். அந்தப் பாட்டி அப்புறம் என்ன ஆனாள் என்று ஒருவராவது கேட்டோமா? உளுந்தை ஊறப்போட்டவள் அவள், ஆட்டியவள் அவள், அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். வடை போன அன்று ராத்திரி அவள் என்ன சாப்பிட்டாள்? மறுநாள் எதைப் போட்டுக் கடையைத் திறந்தாள்?

1947ஐயும் நாம் அப்படித்தான் படித்திருக்கிறோம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பேசியதெல்லாம் கட்டுக்கட்டாக அச்சாகியிருக்கிறது. ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வக்கீல், அதற்கு முன் இந்தியாவைப் பார்த்தே இராதவர், ஜூலை 8ஆம் தேதி வந்து இறங்கி ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கோடு போட்டுப் பிரித்தார். அந்தக் கோடு எங்கே போகிறது என்று மக்களுக்குச் சொன்னது ஆகஸ்ட் 17ஆம் தேதி, சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. அதற்குள் வங்காளத்தில், முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி ஏறியிருந்தது, குல்னாவில் இந்தியக் கொடி ஏறியிருந்தது. அப்புறம் இரண்டையும் இறக்கி மாற்றினார்கள். இது பாடத்தில் இருக்கிறது, தேர்வுக்கும் வரும். கொடி மாறிய அன்று குல்னாவில் ஒரு வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்பது எந்தக் கோப்பில் இருக்கிறது?

வயதானவர்களின் நினைவு தப்பும் என்றார்கள். தப்பும், மறுக்கவில்லை. எழுத்தில் இருக்கிற கணக்கு மட்டும் ஒத்துப்போகிறதா? இறந்தவர்கள் 2 லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சம் என்பவர்களும் உண்டு. அப்புறம், புண் ஆறிவிட்டது என்றார்கள். பிரிவினைக் கலவரத்தில் கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1949இல் சட்டமே வந்தது, திரும்பிப் போக உனக்கு விருப்பமா என்று அந்தச் சட்டம் அவளைக் கேட்கவில்லை. திரும்பி வந்தவளைச் சில குடும்பங்கள் வாசலிலேயே நிறுத்தின. அவளிடம் போய் யார் கேட்டது, ஆறிவிட்டதா என்று?

கிளறுவதால் என்ன கிடைத்துவிடும் என்றார் இன்னொருவர். கிடைத்ததைச் சொல்கிறேன். பாகிஸ்தான் பஞ்சாபில் ஒரு பெரியவர். கலவரத்தில் அப்பா கொல்லப்பட்டபோது அவருக்குப் பத்து வயது இருக்கும். அம்மா கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பையன் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான், குழந்தை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அம்மாவும் கொஞ்ச நாளில் இறந்துபோனாள். குழந்தையை ஊரார் வளர்த்தார்கள். 2019இல் யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பெரியவர் முன்னால் உட்கார்ந்து, தாத்தா உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்றார். எதிரணி அண்ணன் கணக்கில் இது கிளறல்! பெரியவர் சொன்னார். தம்பி பெயரைச் சொன்னார், அம்மாவின் ஊரைச் சொன்னார். அந்த வீடியோவை இந்தியப் பஞ்சாபில் அதே ஊர்க்காரர் ஒருவர் பார்த்தார். பார்த்துவிட்டு, இது நம்ம ஊர் ஆளின் கதையாச்சே என்று எழுந்து ஓடினார். 2022 ஜனவரியில், எல்லையை ஒட்டிப் பாகிஸ்தானில் இருக்கும் சீக்கியத் திருத்தலமான கர்தார்பூரில் அந்த இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். 74 வருஷம்! ஆறு மாதக் குழந்தையாக விட்டுப் பிரிந்த தம்பி வெள்ளைத் தாடியோடு நிற்கிறான். எந்த அரசுக் கோப்பாலும் முடியாததை ஒரு பெரியவரின் பேச்சு செய்தது நடுவர் அவர்களே.

இரண்டாகப் போன கொரியாவிலும் இதுதான் நடந்தது. 1983இல் தென் கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, போரில் பிரிந்துபோன உறவுகளை 138 நாள் நேரலையில் பேசவிட்டது, பத்தாயிரம் குடும்பங்களுக்கு மேல் சேர்ந்தன. நம் பக்கத்தில் ஒரு இயற்பியல் விஞ்ஞானி தொடங்கிய 1947 பிரிவினைக் காப்பகத்தில் பத்தாயிரத்துக்கு மேல் குரல்கள் சேர்ந்துவிட்டன. அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைக்கு இன்றைக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. எதிரணிக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

இது எனக்காகச் சொல்வது. சென்னையில் எங்கள் தெருமுனையில் ஒரு சிந்தி தாத்தா துணிக்கடை வைத்திருந்தார். யார் போனாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சுட்ட அப்பளம், பிறகுதான் வியாபாரம். இப்போது பாகிஸ்தானில் இருக்கிற சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பிறந்தவர், நம்ம ஹைதராபாத் இல்லை. வீட்டுக்கு வீடு மாடியில் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் கூண்டு இருக்குமாம், கையைக் குவித்துக் காட்டுவார். ஒன்பது வயதில் கராச்சியில் கப்பலேறி பம்பாய்க்கு வந்தார். கணக்கு நோட்டில் அதையெல்லாம் எழுதியும் வைத்திருந்தார், சிந்தி மொழியில், அரபு எழுத்தில். பேரனுக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது.

கிளம்பிய அன்று அவருடைய அம்மா மாடியில் அப்பளம் காயப்போட்டிருந்தாராம். எடுக்க நேரமில்லை. கப்பலிலும் அதையே சொன்னாராம், பம்பாய் முகாமிலும் அதையே சொன்னாராம், இங்கே வந்து இருபது வருஷம் கழித்தும் திடீரென்று கேட்பாராம்: "அந்த அப்பளத்தை யாராவது எடுத்திருப்பாங்களா, இல்ல காக்கா தூக்கியிருக்குமா?"

தாத்தா இதைச் சொன்னபோது என் சட்டைப் பையில் போன் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். அடுத்த வாரம் வந்து முழுசாகக் கேட்டுப் பதிவு செய்துகொள்கிறேன் என்றேன். கொரோனா வந்தது, கடை மூடியது, தாத்தா போய்விட்டார். அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

வணக்கம்.