மீதியைப் பாருங்கள், ஈவை அல்ல

வணக்கம் மக்களே. என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள். "சித்தி, விகிதமுறு எண்ணைத் தசமமாக எழுதினால் ஒன்று முடியும், இல்லையென்றால் சுழலும் என்று போட்டிருக்கிறது. முடியாமலும் சுழலாமலும் ஏன் போகக் கூடாது?" எவ்வளவு நல்ல கேள்வி! நான் படித்தபோது இந்த வரியை மனப்பாடம் செய்தேனே தவிர, ஏன் என்று கேட்கவே இல்லை. அதனால் இன்றைக்கு இது மட்டும்தான்.

விகிதமுறு எண் என்றால் பின்னமாக எழுத முடிகிற எண். மேலே ஒரு முழு எண், கீழே பூச்சியம் அல்லாத ஒரு முழு எண்; கீழே இருப்பதைப் பகுதி என்போம். மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் தசமம். எண் ஒன்றுதான், எழுதுகிற விதம்தான் வேறு.

சரி, பலகைக்கு வாருங்கள். 1-ஐ 7-ஆல் வகுக்கிறேன். கால்குலேட்டர் வேண்டாம், அது பாதியில் வெட்டிவிடும். 10-இல் ஏழு ஒரு தடவை, மீதி 3. அதற்குப் பக்கத்தில் பூச்சியம் போட்டால் 30, நாலு தடவை, மீதி 2. 20, இரண்டு தடவை, மீதி 6. 60, எட்டு தடவை, மீதி 4. 40, ஐந்து தடவை, மீதி 5. 50, ஏழு தடவை, மீதி 1.

இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். சிவப்பில் வட்டமிட்ட மீதிகளைப் பாருங்கள்: 3, 2, 6, 4, 5, 1. தொடங்கியதே 1-இல்தானே? மறுபடி அதே 1. இனி என்ன வரும்? மறுபடி 10, மறுபடி மீதி 3, எல்லாம் பழையபடியே. அதனால்தான் 0.142857142857... என்று ஓடுகிறது.

ஏழால் வகுக்கும்போது மீதி ஏழைவிடச் சிறியதாகத்தான் இருக்க முடியும். பூச்சியம் வந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. வராவிட்டால் 1 முதல் 6 வரை ஆறு மீதிகள்தான் உண்டு. எத்தனை நேரம் புதிது புதிதாக வர முடியும்? ஏதோ ஒரு கட்டத்தில் பழைய மீதி திரும்பியே ஆக வேண்டும். பகுதி 7 ஆனாலும் சரி, 7,000 ஆனாலும் சரி, இதே கதைதான். அவள் கேட்டதற்குப் பதில் இதுதான்.

அப்படியானால் எது முடியும்? பின்னத்தை முதலில் சுருக்கிக்கொள்ளுங்கள். பிறகு பகுதியின் பகா காரணிகளில் 2, 5 தவிர வேறு எதுவும் இல்லையென்றால் தசமம் முடியும். நாம் பத்துப் பத்தாகத்தானே போகிறோம், பத்து என்பது 2-ஐ 5-ஆல் பெருக்கியது. நம் பழைய எண்சுவடிப் பின்னங்களை இதில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அரைக்கால் 1/8, அது 0.125. மாகாணி 1/16, 0.0625. மா 1/20, 0.05. காணி 1/80, 0.0125. முந்திரி 1/320, 0.003125. ஒன்றுகூடச் சுழலவில்லை! 320-ஐப் பிரித்தால் ஆறு 2-ம் ஒரு 5-ம்தான்.

திரும்பி வரவும் வழி உண்டு. 0.272727... என்பதை x என்று வைத்தால், 100x என்பது 27.2727... இதிலிருந்து x-ஐக் கழித்தால் வால் முழுக்க அடிபட்டு 99x = 27. ஆக x = 3/11. சுழலும் எந்தத் தசமமும் இப்படிப் பின்னமாகிவிடும்.

அப்புறம், பை என்றால் 22/7 என்று எழுதுகிறோமே, அது கிட்டத்தட்டதான். 22/7 என்பது 3.142857..., சுழலும். பை 3.14159... என்று போகும், சுழலாது. அது விகிதமுறா எண், அதாவது பின்னமாக எழுத முடியாத எண் என்று லாம்பெர்ட் என்ற கணித அறிஞர் 1760-களில் நிரூபித்தார்.

போவதற்கு முன் ஒரு வேலை. 1/13 வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு மீதிகளும் வருமென்று நினைப்பீர்கள், ஆறிலேயே திரும்பிவிடும்: 0.076923... விட்டுப்போன ஆறு மீதிகள் எங்கே? அடுத்து 2/13 போட்டு, மீதிகளை வட்டமிடுங்கள்.