ஜாவாவில் அரை ஏக்கர் நெல்லும் ஒரு மொய் நோட்டும்

வணக்கம் மக்களே. பின்னால் சத்தம் கேட்கிறதா? தண்ணீர் மோட்டார் இல்லை. ரைஸ் மில். காலை ஆறு மணிக்கு மில்லே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பழைய வண்டியின் அடிச்சட்டத்தில் டீசல் எஞ்சினையும் அரவை இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறார் ஒருவர். 'செலெப் கெலிலிங்' என்கிறார்கள், அதாவது சுற்றிவரும் மில். ஐஸ் வண்டிக்குக் குழந்தைகள் ஓடுவதுபோல இந்தச் சத்தம் கேட்டதும் நெல் மூட்டையோடு பாட்டிகள் வெளியே வருகிறார்கள்.

நான் இருப்பது இந்தோனேசியாவின் நடு ஜாவாவில், கிளாத்தென் மாவட்டத்தில், டெலாங்கு பக்கம் ஒரு சின்ன கிராமம். யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் நடுவில். மேற்கே மெராப்பி எரிமலை. அது கக்கிய சாம்பல்தான் இந்த மண்ணுக்கு உரம். உங்களுக்குக் காட்டலாம் என்றால் மூன்று நாளாக மேகத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

தங்கியிருப்பது ஒரு பாட்டி வீட்டில். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். ஜாவா மொழியில் தாத்தாவும் 'ம்பா', பாட்டியும் 'ம்பா'. ஊரே அப்படிக் கூப்பிடுகிறது, நானும் அப்படியே.

கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகிறேன். மேலே கொட்டுவது 'கபா', நெல். இந்தப் பக்கம் பறப்பது 'செகாம்', உமி. கீழே மாவு மாதிரி விழுவது 'டெடாக்', தவிடு; அது ம்பாவின் கோழிகளுக்கு. வெள்ளையாக இறங்குவது 'பெராஸ்', அரிசி. உடைந்தது 'மெனிர்', நம் நொய். வெந்தால் 'நாசி', சோறு. பானை அடியில் பிடித்த காந்தலுக்குக்கூட 'இந்திப்' என்று தனிப்பெயர் உண்டு; அதைக் காயவைத்துப் பொரித்து சோலோவில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். எல்லாவற்றையும் 'ரைஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்பவர்களுக்கு இதெல்லாம் புரியாது. எனக்கு ஏதோ பக்கத்து ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. அரைக்கும் கூலியை ம்பா அரிசியாகவே அளந்து கொடுத்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். கமெண்டில் எல்லோரும் கேட்பது அதைத்தானே.

ம்பாவின் வயல் 2,000 சதுர மீட்டர், நம் கணக்கில் அரை ஏக்கர். பாவம் என்று நினைக்காதீர்கள், ஜாவாவில் இதுதான் சாதாரணம். அரை ஹெக்டேருக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்களை 'பெத்தானி குரெம்' என்பார்கள். குரெம் என்பது கோழிப் பேன்! நாடு முழுக்க இப்படி ஒன்றரைக் கோடிக்கும் மேல் குடும்பங்கள் இருக்கின்றன.

போகம் நன்றாக இருந்தால் இந்த அரை ஏக்கரில் ஒரு டன் நெல் வரும். 2025-ல் அரசு கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 6,500 ரூபியா என்று உயர்த்தியது. அப்படியானால் 65 லட்சம் ரூபியா! வாயைப் பிளக்காதீர்கள், நம் காசுக்கு 35,000 ரூபாய்க்குப் பக்கம்தான். உழவு, நடவு, உரம், அறுப்பு எல்லாம் போகப் பாதி நின்றால் பெரிது என்கிறார் ம்பா. அதுவும் நான்கு மாத உழைப்புக்கு. கிளாத்தெனில் ஒரு ஃபேக்டரி வேலைக்கு 2025-ல் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் சுமார் 24 லட்சம் ரூபியா. நிலம் வாரத்துக்கு எடுத்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 'மாரோ' என்று பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வார்கள்.

அறுவடையை ம்பா செய்வதில்லை. கதிர் முற்றும்போது 'பெனெபாஸ்' என்கிற வியாபாரி வரப்பில் நடந்து வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, நிற்கிற பயிருக்கு மொத்தமாக ஒரு விலை சொல்வார். ஆளையும் மெஷினையும் அவரே கொண்டுவந்து அறுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்கு வேண்டியதை மட்டும் ம்பா ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். முன்பெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அறுப்பார்கள், அறுத்ததில் ஒரு பங்கு கூலி. அதற்கு 'பாவோன்' என்று பெயர். அந்தக் காலத்துக் கருவியை ம்பா இன்னும் வைத்திருக்கிறார், இதோ.

இதுதான் 'அனி-அனி'. என் உள்ளங்கையைவிடச் சின்னது. பலகைத் துண்டில் பதித்த பிளேடு, குறுக்கே ஒரு மூங்கில் குச்சி. கைக்குள் மறைத்துப் பிடித்து, ஒவ்வொரு கதிராக அறுக்க வேண்டும். ஏன் மறைக்க வேண்டும்? கத்தியைப் பார்த்தால் டெவி ஸ்ரீ பயந்துவிடுவாளாம். நெல்லுக்கான தெய்வம் அவள், பெயரைக் கேட்டாலே நமக்குத் தெரிந்த உறவு. இந்த ஊரில் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஆனாலும் அறுப்புக்கு முன்னால் தேங்காய்ப்பால் சோறும் முழுக்கோழியும் வரப்புக்குக் கொண்டுபோய், அரபியில் துஆ ஓதி, 'விவித்தான்' செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அனி-அனி ஏன் போயிற்று என்றால், பயிர் குட்டையாகிவிட்டது. டெலாங்கு என்றாலே 'ரோஜோலெலே' அரிசி. வாசனையான உயரமான பயிர், ஐந்து மாதம். பசுமைப் புரட்சியில் ஐஆர் என்கிற குட்டையான, சீக்கிரம் விளைகிற ரகங்கள் வந்தன, அப்புறம் ஐந்து மாதம் யார் காத்திருப்பார்கள்? கூடவே பூச்சிமருந்தும் வந்தது, நல்ல பூச்சிகளையும் அது கொன்றதால் பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருத்தது. கடைசியில் 1986-ல் அதிபர் சுகார்த்தோவே நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்ய வேண்டிவந்தது. வயலிலேயே பயிரையும் பூச்சியையும் பார்த்துக் கற்க நம் ஊரில் நடத்துகிறார்களே உழவர் வயல்வெளிப் பள்ளி, அது 1989-ல் இந்த நடு ஜாவா வட்டாரத்தில்தான் முளைத்தது. இப்போது ரோஜோலெலேயைக் கதிர்வீச்சில் மாற்றி 'ஸ்ரீநுக்' என்று நான்கு மாதத்துக் குட்டை ரகம் விட்டிருக்கிறார்கள். நேற்று சாப்பிட்டேன். குழைவாக இருந்தது. பழைய ரோஜோலெலேயின் வாசனை இதில் பாதிதான் என்று ம்பா முகத்தைச் சுளித்தார்.

அப்புறம், இந்த டைல்ஸ் தரையைப் பார்த்தீர்களா? ரூபியா கணக்கைக் கேட்ட பிறகு, இந்த வருமானத்தில் இப்படி ஒரு வீடா என்று உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்கும். நெல்லால் வந்த வீடு இல்லை இது. ம்பாவின் மகள் ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறார், பன்னிரண்டு வருடமாக. மருமகன் இங்கே, பிள்ளைகள் ம்பாவிடம். இந்தத் தெருவில் புது வீடாகத் தெரிகிற ஐந்தில் மூன்று இப்படித்தான்: ஹாங்காங், தைவான், மலேசியா.

அப்படியானால் நெல் எதற்கு? இந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும்.

பள்ளிக்கூட நோட்டு. நான் முதலில் பால் கணக்கு என்று நினைத்தேன். மொய் நோட்டு, மக்களே! கல்யாணம், சுன்னத்து, குழந்தை பிறப்பு என்றால் பெண்கள் கூடையில் அரிசி கொண்டுபோவார்கள். கூடவே சர்க்கரை, சேமியா. யார் எத்தனை கிலோ வைத்தார்கள் என்று எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் 2011-ல் நடந்த மகள் கல்யாணம் இருக்கிறது. ஐந்து கிலோ, மூன்று கிலோ, ஐந்து கிலோ... டிக் அடித்ததெல்லாம் திருப்பிக் கொடுத்தது. அடிக்காதவை இன்னும் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன், பதினேழு. நோன்புப் பெருநாள் வந்தால் தலைக்கு இரண்டரைக் கிலோ ஃபித்ரா தர்ம அரிசி வேறு. ஒதுக்கி வைத்த மூட்டைகள் எங்கே போகின்றன என்று இப்போது தெரிகிறதா? வயலை விற்றுவிட்ட எதிர்வீட்டுக்காரரும் அதே ஐந்து கிலோ வைக்கத்தான் வேண்டும். அவர் கடையில் வாங்கி வைக்கிறார். 'கடை அரிசி' என்று பெண்கள் கையில் அள்ளிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களாம்.

இன்றைக்கு மதியம் நான்கு வீடு தள்ளி ஒரு கல்யாணம். அதற்குத்தான் காலையிலேயே மில்லை நிறுத்தினார் ம்பா. சூடு ஆறாத அரிசியில் ஐந்து கிலோ அளந்து கூடையில் போட்டு, துணி போட்டு மூடி, ஒரு டிக் அடித்தார். எனக்கும் அழைப்பு உண்டு. வெறுங்கையோடு போக முடியுமா? 'வாருங்' என்கிற சின்னக் கடையில் மூன்று கிலோ வாங்கினேன், ஆமாம், கடை அரிசிதான்.

கல்யாண வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா என் அரிசியைக் கொஞ்சம் அள்ளிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெயர் சொன்னேன், அவருக்கு எழுத வரவில்லை. கடைசியில் 'இந்தியா, 3 கிலோ' என்று எழுதிக்கொண்டு, உன் கல்யாணம் எப்போது என்று கேட்டார்.